கணனிக்கு மலையைப் படிப்பித்தல்

மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் உம்மாமாருக்கு ஏற்படும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் விடுமுறையில் வந்தவள், "இப்போது செயற்கை நுண்ணறிவு படிக்கிறோம்" என்றால் பலருக்கும் மனம் கலங்குகிறது. இயந்திரம் மனிதனை விஞ்சிவிடுமாமே, இது நமக்குத் தேவைதானா என்று யோசிக்கிறார்கள். சகோதரிகளே, அந்தப் பாடத்தில் என்ன கற்பிக்கிறார்கள் என்று அறிந்தால் கலக்கம் பாதி தீர்ந்துவிடும்.

பதுளை பசறை வீதியில் 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. கணனி விஞ்ஞானமும் அங்கே ஒரு பட்டப்படிப்பு. செயற்கை நுண்ணறிவின் அறிமுகப் பாடத்துக்கு உதாரணம் தேடி இவ்வூர் மாணவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுற்றியுள்ள மலைகளே போதும்.

விதி எழுதுதல்

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் 1955இல் அமெரிக்க அறிஞர் ஜோன் மெக்கார்த்தியும் நண்பர்களும் எழுதிய ஆய்வுத் திட்டத்தில் வந்தது. ஆரம்ப காலத்தில் "இன்னது நடந்தால் இன்னது செய்" என்று கணனிக்கு விதிகளாக எழுதிக் கொடுத்தார்கள். இப்படிப் படிப்படியாகச் செல்லும் வழிமுறைக்கு 'அல்கோரிதம்' என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

மண்சரிவு எச்சரிக்கையும் அத்தகைய விதிதான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும்; 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும்; 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும்.

பார்த்துப் பழகுதல்

எல்லாவற்றையும் விதியாக எழுதிவிட முடியாது. புதிதாகக் கொழுந்து பறிக்க வரும் பெண்ணுக்கு யாரும் சூத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றிய இலை எது என்று பார்த்துப் பார்த்தே கை பழகுகிறது. கணனிக்கும் ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, "இது கொழுந்து, இது முற்றியது" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு அது முன்பு காணாத படங்களைக் காட்டிச் சோதிக்கிறார்கள். செய்து பார்த்த கணக்கையே பரீட்சையில் கொடுத்தால் பிள்ளையின் திறமை தெரியாது அல்லவா?

வெயிலில் எடுத்த படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கணனி, பனிமூட்டத்தில் தடுமாறக்கூடும். பழகக் கொடுத்தவற்றில் இருக்கும் குறை அதன் விடையிலும் வந்துவிடும்.

பிழையின் விலை

அடுத்து வருவது முக்கியமான பாடம். ஒரு முற்றிய இலையைக் கொழுந்து என்று சொன்னால் நட்டம் சிறிது. சரியப் போகும் மலையைச் சரியாது என்று சொன்னால் உயிர் போகும். அதற்காக எப்போதும் "சரியும், சரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் மக்கள் நம்பமாட்டார்கள். எல்லையை எங்கே வைப்பது? இதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்க முடியாது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் குடும்பங்கள் போய்க் குடியேற வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின.

ஆகவே கணனி சரியான விடையைச் சொன்னால் மட்டும் போதாது. அந்தச் செய்தி தமிழில், நேரத்தோடு, லயத்தின் கடைசிக் கதவு வரை சேர வேண்டும். போய்த் தங்க ஓர் இடமும் இருக்க வேண்டும். இதை வகுப்பறையில் எழுந்து கேட்பது யார்? அந்தச் சரிவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கே இந்தக் கேள்வி முதலில் தோன்றும்.

தாய்மார் செய்யக்கூடியது

அந்தப் பிள்ளை வகுப்பறைக்குள் போக வேண்டுமானால் கணிதம் வேண்டும். மலையகத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லாத தமிழ்மொழிப் பாடசாலைகள் பல. ஆசிரியர் பற்றாக்குறையும் உண்டு. அத்துடன், "பொம்பிளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று வீட்டிலும் ஒரு கதவை மூடிவிடுகிறோம். பாடசாலைக் கதவைத் திறக்கப் பலர் சேர வேண்டும். வீட்டுக் கதவைத் திறக்க ஓர் உம்மா போதும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் முன், மகளுக்குக் கணிதத்தில் விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால், கணிதப் பிரிவுள்ள பாடசாலை சற்றுத் தூரமானாலும், தங்கிப் படிக்க நல்ல இடம் தேடிக் கொடுங்கள்.