கிராமக் கணக்கர்

நாட்டை ஆள்வோர் யாவர் என வினவின், அமைச்சர் என்பாரும் சட்டமன்றத்தார் என்பாரும் மாவட்ட ஆட்சித் தலைவர் என்பாரும் உளர். ஆயின் விழுப்புரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் மணிலாக் கொல்லையில் களை பறிக்கும் உழவரிடம் அவ்வினாவை எழுப்பினால், அவர் பெரும்பாலும் தம்மூர்க் கணக்கரையே சுட்டுவர். அவருடைய நிலம் எத்துணைப் பரப்பினது, நஞ்சையா புஞ்சையா, அதில் இவ்வாண்டு விளைந்தது நெல்லா கரும்பா, தீர்வை செலுத்தப்பட்டதா என்னும் செய்திகள் அனைத்தும் கணக்கரின் ஏட்டில் அடங்கியுள்ளன. அரசாங்கம் என்னும் பேருரு அவ்வுழவர்க்குக் காட்சியளிப்பது அவ்வேட்டின் வாயிலாகவே. அவ்வேட்டைக் காக்கும் பதவி எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு மாறிற்று, எளியோர்க்கு அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களைக் கண்முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கணக்கு என்பது எண்ணை மாத்திரம் குறிப்பதன்று. எழுத்தையும் நூலையும் குறிக்கும். பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயரும், ஆசிரியரைக் குறிக்கும் கணக்காயர் என்னும் பெயரும் இதற்குச் சான்றாம். அரசர்க்குத் துணையாய் நின்ற எண்பேராயத்தை விளக்கும் பழைய உரைகள் கரணத்தியலவரை அதனுள் வைத்து எண்ணுகின்றன. கர்ணம் எனப் பிற்காலத்தே வழங்கிய பதவிப்பெயர் இக்கரணம் என்னும் சொல்லோடு உறவுடையது. தமிழ் விவிலியத்தை நமக்குத் தந்தோரும் இவ்வழக்கை நன்கறிந்திருந்தனர். தாவீது அரசனின் அவையில் எழுத்துத் தொழில் பூண்ட செராயாவுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சம்பிரதி’ என்பதாம். அஃது இந்நாட்டில் கணக்கெழுதும் அலுவலர்க்கு வழங்கிய பெயரே.

சோழர் காலத்தில் இத்துறை வியக்கத்தக்க ஒழுங்குடன் நடைபெற்றது. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருவாய்க்கேள்வி என்பார் கேட்பர். திருமந்திர ஓலை என்பார் எழுதுவர். ஓலைநாயகம் என்பார் ஒப்பு நோக்குவர். பின்னரே அது வரிப்பொத்தகத்தில் ஏறும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் அளித்ததைக் கூறும் செப்பேடுகளில் இத்தகைய அலுவலர் பலருடைய பெயர்கள் நிரலே பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர் எழுதியதை மற்றொருவர் காணுதல் என்னும் முறையே அக்கணக்கிற்குக் காவலாய் நின்றது.

நம் வட்டாரமும் இதற்குச் சான்று தருகின்றது. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் இராசராசனின் தமக்கையாராகிய குந்தவையார் எடுப்பித்த கோயில்களுக்கு அவர் ஈந்த பொன், வெள்ளி, முத்து ஆகியவற்றைக் கல்வெட்டுகள் பதிந்து வைத்துள்ளன. விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987-ஆம் ஆண்டு வெளிப்பட்ட முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள், அரச குருவாகிய சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த கோயிலுக்கு அளித்த நிலக்கொடையைக் கூறுகின்றன. திண்டிவனத்திற்கு வடபால் உள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஒருபடி மேற்செல்கின்றன. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என அவை விதிக்கின்றன. கணக்கு என்பது அரசனுக்குரிய பொருள் மாத்திரமன்று, ஊரார்க்கும் உரியது என்னும் கருத்து அக்காலத்தே அரும்பியிருந்தமை இதனாற் புலனாகும்.

1801-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் சென்றது. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய தென்னார்க்காடு சில்லா அவ்வழி அமைந்தது. பின்னர்த் தாமஸ் மன்றோ நிலைநிறுத்திய இரயத்துவாரி முறையில், அரசாங்கம் ஒவ்வோர் உழவரோடும் நேரே தீர்வை பேசத் தலைப்பட்டது. சமீன்தார் ஒருவரிடம் தொகையாக வரி பெறும் நாட்டில் ஊர்க்கணக்குச் சிறிது பிழைபடினும் கருவூலத்திற்குக் கேடில்லை. இரயத்துவாரி நாட்டிலோ ஊர்க்கணக்கே ஆட்சியின் அடித்தளமாகும். ஆதலின் கணக்கரின் எழுதுகோல் முன்னினும் வலிமையுற்றது. ஊரில் வரி தண்டவும் சிறு வழக்குகள் தீர்க்கவும் மணியக்காரர் எனப்படும் கிராம முன்சீப் இருந்தார். ஏவலுக்குத் தலையாரியும் வெட்டியானும் இருந்தனர். எனினும் அவ்வூரின் நினைவாய் இருந்தவர் கணக்கரே.

அவர் காத்த ஏடுகளுட் சிலவற்றை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். ஊரின் நிலம் முழுவதையும் அளவை எண் வரிசையில், பரப்பு, வகை, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றுடன் காட்டுவது ‘அ’ பதிவேடு. ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் அளவுகளோடு வரைந்து காட்டுவது புலப்படம். ஒரு பட்டாதாரர்க்குரிய புலங்களை ஒருங்கே தொகுத்துரைப்பது சிட்டா. எந்தப் புலத்தில் எப்பயிர் விளைந்தது, யார் பயிரிட்டனர் என ஆண்டுதோறும் எழுதப்படுவது அடங்கல். இவ்வாண்டு சித்திரையிலும் தொடங்குவதன்று, சனவரியிலும் தொடங்குவதன்று. சூலை முதல் நாளிற் பிறக்கும் பசலி ஆண்டாகும். கிறித்தவ ஆண்டினின்று 590-ஐக் கழிக்கப் பசலி ஆண்டு கிடைக்கும். 2025 சூலையிற் பிறந்தது பசலி 1435 ஆம். பசலி முடியுங்காலத்து ஊர்க்கணக்குகள் யாவும் வட்ட அலுவலகத்திற்குக் கொணரப்பட்டு, மேலதிகாரி முன்னிலையில் தணிக்கை செய்யப்படும். அதற்கு ஜமாபந்தி என்று பெயர்.

இத்துணைச் சிறப்புடைய பதவியில் ஒரு பெருங்குறை இருந்தது; அது பரம்பரைச் சொத்தாய் இருந்தது. தந்தைக்குப்பின் மைந்தன் என்னும் அவ்வழக்கை 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் உறுதிசெய்தது. கணக்கெழுதும் கலை வீட்டிலேயே கற்பிக்கப்பட்டமையால் அதில் தேர்ச்சி மிகுந்தது உண்மையே. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் பாட்டனார் வாய்க் கேட்டறிந்த கணக்கர்கள் இருந்தனர்; நேர்மை தவறாது ஊர்க்கு உழைத்தோரும் அவருட் பலர். ஆயினும் ஏடுகள் அவர்தம் இல்லத்துப் பெட்டியிற் கிடந்தன. அவற்றைப் படிக்க வல்லார் ஊரிற் சிலர். கேட்கத் துணிந்தோர் அவரினுஞ் சிலர். பதவி பிறப்பால் வந்தமையின், நிலமும் எழுத்தும் ஒருங்கே மறுக்கப்பட்ட குலத்தார்க்கு அவ்வேட்டின்மேல் யாதோர் உரிமையும் இல்லாதாயிற்று.

இதன் விளைவைத் திண்டிவனத்திற்கு வடக்கே அமைந்த செங்கற்பட்டுச் சில்லாவின் வரலாற்றிற் காணலாம். அங்கே 1891-ஆம் ஆண்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் என்பார், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைக் குறித்து அரசாங்கத்திற்கு விரிவானதோர் அறிக்கை விடுத்தார். ஸ்காட்லாந்து மிஷனைச் சார்ந்த ஆதாம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த வில்லியம் கௌடி முதலிய ஊழியரும் அம்மக்கள் பொருட்டுப் பரிந்து பேசினர். தரிசு நிலம் வேண்டி அவர்கள் விண்ணப்பிப்பினும் மிராசுதார் தடுப்பர் என்பது அந்நாளைய முறையீடு. 1892-ஆம் ஆண்டில் அரசாங்கம் இம்மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பிறரிடம் அந்நிலம் செல்லலாகாது என்னும் நிபந்தனையும் வகுக்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம் என வழங்குவது இதுவே.

இங்கேதான் கணக்கரின் ஏடு அறத்தின் உரைகல்லாகின்றது. அந்நிபந்தனை உயிர்வாழ்வது ஏட்டிலுள்ள ஒரு சிறு குறிப்பினால் மாத்திரமே. அக்குறிப்பு அடுத்த படியில் எழுதப்படாது விடுபடின், நிலம் சில தலைமுறைக்குள் பிறர் பெயரில் நிற்கும். அரசாங்க ஆணை வெறுந்தாளாய்ப் போம். பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரிய கிளர்ச்சியில், 1994 அக்டோபர் மாதத்தில் செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். மாமல்லபுரத்தை அடுத்த காரணை என்னும் ஊரின் நிலத்தைப் பற்றி எழுந்த போராட்டம் அது. நூறாண்டுக்கு முன் வந்த ஓர் ஆணையை நிலைநாட்ட மனிதர் உயிர்கொடுக்க நேர்ந்ததெனின், ஏட்டில் ஒரு வரியின் விலை எத்தகையது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

பிறப்புரிமையாய் வந்த அப்பதவி படிப்படியே வீழ்ந்தது. அரசியற் பதவிக்குப் பிறப்பைக் காரணமாக்குதல் அரசியலமைப்பிற்கு மாறுபட்டது என, ஆந்திர நாட்டிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1960-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-ஆம் ஆண்டில் இங்கும் பழஞ்சட்டம் நீக்கப்பட்டது. முடிவில், எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1980 நவம்பர் மாதத்து அவசரச் சட்டம் பகுதிநேரக் கிராமப் பதவிகள் அனைத்தையும் ஒருங்கே ஒழித்தது. வாழ்நாளெல்லாம் கணக்கெழுதியோர் ஒருநாளில் பதவியிழந்தமை அவர் குடும்பங்களுக்குப் பெருந்துன்பமாயிற்று என்பதை மறுத்தலாகாது. அவர்கள் தொடுத்த வழக்கில் 1982-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என உரைத்தது. அதுமுதல், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் வென்று அமர்த்தப்படும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் உள்ளார். எக்குலத்தாரும், ஆடவரும் பெண்டிரும், அவ்வேட்டைக் கையிலெடுக்கும் உரிமை பெற்றனர். பழைய கணக்கர் ஊர்ப்பிள்ளை. புதிய அலுவலர் அரசு ஊழியர். முன்னவர்க்கு ஊர் அறிமுகம் மிகுதி. பின்னவர்க்கு ஊரின் கட்சிகளோடு பிணைப்புக் குறைவு. இரண்டனுள் எளியோர்க்கு ஏற்றது யாது என்பதைக் காரணையின் வரலாறு அறிந்தோர் ஐயுறார்.

எனினும் நியமன முறை மாறிய மாத்திரத்தில் கணக்கு நேராகிவிடாது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் கரைகடந்த பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. விளைநிலங்கள் கடலெனக் காட்சியளித்தன. மூன்றிலொரு பங்கும் அதற்கு மேலும் அழிந்த பயிர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. பயிர் அழிந்தது கண்கூடு. ஆனால் அங்கே பயிர் இருந்தது என்பதற்கும், அதனை இட்டவர் இன்னார் என்பதற்கும் சான்றாவது அடங்கலே. பட்டாதாரர் நகரத்தில் வாழ, வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் ஊரில் பலர் உளர். குத்தகை உரிமையைப் பதிவுசெய்தற்கு 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நிலமுடையோர் மனம் வேறாகும் என அஞ்சிப் பெயரைப் பதியாது விடும் உழவர் இன்றும் உளர். வெள்ளம் வந்தபின் அடங்கலில் பெயரைத் தேடுவது, தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதை ஒக்கும். அலுவலர் புலத்திற்கு நேரே சென்று, வரப்பில் நின்று, பயிரையும் பயிரிட்டவரையும் கண்டெழுதினால் அவ்வேடு உழவர்க்குக் கேடயமாகும். அறையில் அமர்ந்து சென்ற ஆண்டின் கணக்கைப் படியெடுத்தால் அதுவே அவர்க்குப் பகையாகும். இப்போது சிட்டாவும் ‘அ’ பதிவேடும் கணினி வழியே எவரும் காண வைக்கப்பட்டுள்ளன. ஆயின் கணினி தனக்கு ஊட்டியதையே காட்டும். வரப்புக்குச் செல்வது மனிதரின் கால்களே.

எஸ்றாவின் புத்தகத்தில் ஒரு செய்தி உண்டு. எருசலேம் தேவாலயத்தை மீளக் கட்டத் தொடங்கிய யூதரை நோக்கி, உங்களுக்கு அதிகாரம் அளித்தவர் யார் என அதிகாரிகள் வினவினர். அவர்கள் கோரேசு அரசனின் ஆணையைச் சுட்டினர். அவனோ இறந்து பல்லாண்டு கழிந்தது. தரியு அரசன் ஆவணச்சாலைகளில் தேடப் பணித்தான். அக்மேதா என்னும் தொலைவூரின் அரண்மனையில் அச்சுருள் கிடைத்தது. ஆலயத்தின் வேலை தொடர்ந்தது. அதனைப் பழுதின்றிக் காத்த எழுத்தர் பெயரை வேதம் கூறவில்லை. அவர் கடமை தவறியிருப்பின், வேண்டுவோர்க்கு நீதி கிடைத்திராது.

அத்தகைய பெயரறியா ஊழியத்தையே கிராமக் கணக்கரின் பதவி வேண்டி நிற்கின்றது. நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் நாளை அத்தேர்வை எழுதக்கூடும். எழுதாதோர்க்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள், தத்தம் ஊரின் ‘அ’ பதிவேட்டையும் அடங்கலையும் படித்து, எழுத்தறியாத அயலார்க்கும் படித்துக் காட்டுவாராக. ஜமாபந்தி நாளில் அவர்தம் மனுவை எழுதிக் கொடுப்பாராக. எழுதுவோர் ஒருவராயினும் படிப்போர் பலராயின், கணக்குப் பிழைபடுதல் அரிது.