ஆலை விபத்தும் உபகாரச் சம்பளமும்

பூவிருந்தவல்லி, ஆவடி சுற்றுக் கிராமங்களில் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வது சாதாரணமாகிவிட்டது. கரும்பாலையிற் கை சிக்கியவரை நாமறிவோம்; அங்குள்ள பிரஸ் இயந்திரமும் அத்தகையதே.

1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், வேலையிற் காயமுற்றுத் தற்காலிகமாய் உழைக்க இயலாதவருக்குச் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 90 பாகம் கிடைக்கும். நிரந்தர ஊனமாயின், வைத்திய சபையார் நிர்ணயிக்கும் அளவுப்படி ஆயுள் பரியந்தம் தொகை உண்டு. ஆனால் இவையாவும் ஒரு காகிதத்தைப் பற்றியே நிற்கின்றன. விபத்து உடனே ஆலையின் விபத்துப் புத்தகத்திற் பதிவாகி, முதலாளியின் அறிக்கை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் சேர வேண்டும். “வைத்தியச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எழுத்தெல்லாம் எதற்கு?” என்று மேஸ்திரி இனிமையாய்ச் சொல்வார். அதற்கு இணங்கினவர் பின்னர் அத்தாட்சியின்றித் திண்டாடுவர். 2010-ம் வருஷத் திருத்தத்திற்குப்பின், வேலைக்குப் போகவர வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதன் சம்பந்தம் ருசுவானால், கணக்கிற் சேரும். இதைப் பலர் அறியார்.

வைப்பு நிதியைச் சார்ந்த 1995-ம் வருஷத்துத் திட்டத்தில் முதுமைக்கால உபகாரச் சம்பளம் பெற 10 வருஷச் சேவை வேண்டும். சேவையிலிருக்கையில் முற்றிலும் நிரந்தரமாய் ஊனமுற்றவருக்கோ ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலே போதும்.

ஆதாரில் ஒரு பெயரும் வைப்பு நிதிக் கணக்கில் வேறொரு பெயருமாயிருந்து மனுக்கள் தேங்குவதுண்டு. பிள்ளை வேலையிலிருக்கும்போதே பெயரையும் பிறந்த தேதியையும் முதலாளி மூலம் திருத்திக்கொள்ளுமாறு கிராம அதிகாரிகள் குடும்பத்தாருக்கு எடுத்துச்சொல்வார்களாக.