மூன்று நாடுகள், ஒரே சைக்கிள் பாதை

சரக்கு ரயில் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அதனால் இருப்புப்பாதை போடுபவர்கள் ஏற்றத்தை நீட்டி நீட்டிச் சாய்வாக்கிவிடுவார்கள். ரயில் நின்றுபோன பிறகு, அந்தச் சாய்வு சைக்கிள்காரர்களுக்குக் கிடைத்த வரம்!

ஃபென்பான் அப்படிப்பட்ட தடம்தான். ஜெர்மனியின் ஆஹன் நகரில் தொடங்கி, கிழக்கு பெல்ஜியத்தின் புல்வெளிகள், காடுகள் வழியே லக்சம்பர்க்கின் த்ரூவாவியெர்ஜ் வரை சுமார் 125 கிலோமீட்டர் ஓடுகிறது. பெரும்பாலான இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் இல்லை. கார், லாரித் தொல்லையும் இல்லை. சாலைகளைக் கடக்கும் இடங்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். சிறு பிள்ளைகளோடு குடும்பமாகவே போகலாம்.

இதன் வரலாறு இன்னும் சுவையானது. 1880-களில் அன்றைய ஜெர்மன் பேரரசின் பிரஷ்யா அரசு போட்ட இந்தப் பாதையில் நிலக்கரியும் இரும்பும் போய்வந்தன. முதல் உலகப் போர் முடிந்ததும், வெர்சாய் உடன்படிக்கையைத் தொடர்ந்து தண்டவாளம் கிடந்த நிலம் பெல்ஜியத்துக்குப் போனது. விளைவு? பாதைக்கு மேற்கே இருந்த ஜெர்மன் பகுதிகள் தாய்நாட்டிலிருந்து துண்டாகிவிட்டன. இன்றும் அப்படி ஐந்து திட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு வீடும் அதைச் சுற்றிய நிலமும்தான்! இருபுறமும் ஜெர்மனி இருக்க, சைக்கிள் சக்கரம் மட்டும் பெல்ஜிய மண்ணில் உருளும் இடங்கள் உண்டு.

வழியில் மான்ஷாவ் என்ற பழைய ஊரைத் தவறவிடக் கூடாது. ஆனால் அது பாதைக்குக் கீழே, பள்ளத்தாக்கில் இருக்கிறது. திரும்பி மேலேறும்போதுதான் கால் வலிக்கும்.