எதை முதலில் செய்யப் போகிறாய்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நிலத்தடி நீர், பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டுகிறது. சுரங்கத்தின் தரை பிளந்த பிறகு ஓடிப் பயனில்லை. ஆகவே இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தை முன்னதாகவே குறைத்து விடுகிறார்கள்.

மாணவ நண்பர்களே, வகுப்பறையிலும் இப்படி முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. (மனம் நீரன்று, உவமையை இதற்கு மேல் இழுக்காதீர்கள்!) உணர்ச்சிகளை அடக்க இயலாத குறைபாடுள்ள மாணவன் ஒருவன், கணக்குப் பாடம் தொடங்கியதும் புத்தகத்தை வீசுகிறான். அவனை வெளியே நிறுத்துகிறோம். வீசினால் கணக்கிலிருந்து தப்பலாம் என்பதை மட்டும் அவன் கற்றுக்கொள்கிறான்!

அமெரிக்காவில் கிளென் டன்லப் குழுவினர் இத்தகைய மூன்று சிறுவர்களிடம் செய்த ஆய்வு 1994இல் வெளியாயிற்று. எதை எடுத்துக்கொள்வது என்பதைத் தாங்களே தேர்ந்தெடுத்தபோது அவர்களுடைய ஈடுபாடு கூடியது, குழப்பம் குறைந்தது. ‘பிடித்ததைக் கொடுத்தால் யார்தான் செய்யமாட்டார்கள்?’ என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஓம் விதிச் சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதுபோல, ஒரு சிறுவனுக்கு அவன் முன்பு தேர்ந்தெடுத்தவற்றையே ஆசிரியர் தாமே கொடுத்துப் பார்த்தார். பணி மாறவில்லை, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டும் இல்லை. பழைய ஈடுபாடு வரவில்லை.

மூன்று பேரை வைத்து உலகுக்கு விதி எழுத முடியாது. ஆயினும் பின்வந்த ஆய்வுகள் பலவும் இதே திசையையே காட்டுகின்றன; பயன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

பத்துக் கணக்குகளில் எந்த ஐந்து? பேனாவா, பென்சிலா? சன்னலோரமா, முதல் வரிசையா? இரண்டு மூன்று வழிகள் போதும். எதைச் சொன்னாலும் ஆசிரியர் ஏற்கக் கூடியவையாக அவை இருக்க வேண்டும். ‘செய்கிறாயா, வெளியே போகிறாயா?’ என்பது மிரட்டல். கேட்பதையும் பாடம் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். கோபம் ஏறிவிட்டால் அந்த வினாவே சுமையாகிவிடும்.