அக்னஸ் பெயரில் ஓர் ஓட்டம்

சித்திரை பிறந்தால் நம் குடியிருப்புகளில் விளையாட்டுப் போட்டிகள் களைகட்டும். அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14-ஐ ஒட்டிக் கபடி நடக்கும், வாலிபால் நடக்கும். இளம் வயதில் இறந்துபோன அண்ணன் தம்பிகளின் பெயரில் நினைவுக் கோப்பை வழங்குவார்கள். வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் பெயரில் கோப்பை வழங்கி நான் பார்த்ததில்லை.

கென்யாவில் அப்படி ஒரு போட்டி நடந்தது. 2022 பிப்ரவரி 12 அன்று, எல்டோரெட்டில், அக்னஸ் டிரோப் நினைவாகப் பல நாட்டு வீரர்களும் வீராங்கனைகளும் மேடுபள்ளமான தரையில் ஓடினார்கள்.

யார் இந்த அக்னஸ்? 2015-இல், 19 வயதில், கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் உலக சாம்பியன். 10,000 மீட்டரில் 2017, 2019 உலகப் போட்டிகள் இரண்டிலும் வெண்கலம். 2021 செப்டம்பரில் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை 30 நிமிடம் 1 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். அடுத்த மாதமே, அக்டோபர் 13 அன்று, இட்டென் ஊரிலுள்ள தன் வீட்டில் கத்திக்குத்துக் காயங்களோடு பிணமாகக் கிடந்தார். 26-வது பிறந்தநாள் அன்று அவரை அடக்கம் செய்தார்கள். கணவர் மீது கொலை வழக்கு பதிவானது. அவர் குற்றத்தை மறுத்தார். 2023-இல் ஜாமீனில் வெளியே வந்தார்.

உடன் ஓடிய வீராங்கனைகள் அழுததோடு நிற்கவில்லை. 'டிரோப்பின் தேவதைகள்' என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அடி வாங்கும் பெண்களுக்குத் துணை நிற்பதும், பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசுவதும் அதன் வேலை.

அவர்கள் வெளியே சொன்ன உண்மை முக்கியமானது. அங்கே ஓட வரும் பெண்களில் பலர் ஏழை விவசாய வீட்டுப் பிள்ளைகள். பயிற்சி தருகிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று ஓர் ஆண் வருவான். அவனே காதலனாவான், கணவனாவான். பரிசுப் பணம் அவன் கைக்குப் போகும். நிலமும் வீடும் அவன் பெயரில் பதிவாகும். ஒருநாள் அவள் கணக்குக் கேட்பாள். அன்று தொடங்கும் அடி. 2024 செப்டம்பரில் உகாண்டாவின் ஒலிம்பிக் மாரத்தான் வீராங்கனை ரெபேக்கா செப்தேகெய், கென்யாவில் பெட்ரோல் ஊற்றி எரிக்கப்பட்டு இறந்தார். அதற்குப் பின்னாலும் நிலத் தகராறுதான் இருந்தது என்றார்கள் குடும்பத்தார்.

பதக்கமும் சம்பாத்தியமும் மட்டும் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிடாது. சம்பாதித்தது அவள் கையில் இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு போலீஸ் வேலை, ரயில்வே வேலை கிடைக்காதா என்று விடியுமுன் எழுந்து ஓடுகிறார்கள். வேலை கிடைத்த பிறகு அவர்களின் ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது?

ஆதிக்கச் சாதிக்காரன் நம் பெண் மீது கைவைத்தால் சாலை மறியல் செய்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடச் சொல்லிப் போராடுகிறோம். அது நம் கடமை. அதே பெண்ணை வீட்டுக்காரன் அடித்தால் மட்டும் 'குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். இந்து சட்ட மசோதாவில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டு, அது நிறைவேறாததால் 1951-இல் அமைச்சர் பதவியையே விட்டு விலகியவரின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் இதைச் செய்கிறோம்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பெண்ணுக்கு உரிய பணத்தையும் பொருளையும் பறிப்பதும் அதன்படி வன்முறைதான். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

வரும் ஏப்ரலில் ஒரே ஒரு கோப்பைக்காவது, நம் ஊரில் இப்படிப் பறிபோன ஒரு பெண்ணின் பெயரை, அவள் பெற்றோரின் சம்மதத்தோடு வையுங்கள். பெண் பிள்ளைகளையும் மைதானத்தில் இறக்குங்கள். அவள் எப்படிச் செத்தாள் என்பதை மைக்கில் சொல்லிவிட்டு விசில் ஊதுங்கள்.