உங்களுக்குத் தெரியுமா? சாப்பாட்டு மேசையில் பிறந்த தொழில்நுட்பம்

நகல் எடுக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க நிறுவனம் தடிமனான கையேடு கொடுத்திருக்கும். ஆனால் இயந்திரம் கையேட்டின்படியா கெட்டுப்போகிறது?

1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இருந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், பழுதுபார்ப்பவர்கள் கூடவே சுற்றினார். ஒரு பழங்குடியின் வாழ்க்கையைக் கவனிப்பதுபோல அவர்களுடைய அன்றாட வேலையைக் கவனித்தார். முக்கியமான வேலை நடந்த இடம் சாப்பாட்டு மேசை! காலைச் சிற்றுண்டியின்போதும் மதிய உணவின்போதும், தங்களைத் திணறடித்த இயந்திரங்களைப் பற்றி ஒருவருக்கொருவர் கதை சொன்னார்கள். கையேட்டில் இல்லாத கோளாறுக்கு வழி அந்தக் கதைகளில் கிடைத்தது. மேலதிகாரி கண்ணுக்கு அது வெட்டி அரட்டையாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது ஒரு பள்ளிக்கூடமாகவே தெரிகிறது. ஓரின் ஆய்வு 1996இல் நூலாக வந்தது.

1990களில் அதே நிறுவனம், பழுதுபார்ப்பவர்களின் இப்படிப்பட்ட தீர்வுகளைத் திரட்ட 'யுரேகா' என்ற குறிப்புக் களஞ்சியத்தை உருவாக்கியது. தொடங்கிய இடம் பிரான்ஸ். ஒருவர் கண்டுபிடித்த தீர்வை அனுபவசாலிகள் சரிபார்ப்பார்கள். பிறகு அது எல்லோருக்கும் போகும். குறிப்பு எழுதுபவருக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு எழுந்தது. தொழிலாளர்கள் அதை விரும்பவில்லை. குறிப்போடு எழுதியவரின் பெயர் இருந்தால் போதும் என்றார்கள். அப்படியே பெயரோடு குறிப்புகள் நாடு தாண்டிப் போயின.