கருவி எழுதினாலும் கையொப்பம் எங்களுடையது

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பலசரக்குக் கடை, கேற்றரிங், வரிக் கணக்கு, வீடு விற்பனை என்று சிறுதொழில் செய்யும் எம்மவர்கள் பலர் விளம்பரம் எழுதவும் வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நாடுகிறார்கள். நேரம் மிச்சம், ஆங்கிலத்தில் எழுதும் தயக்கமும் குறைகிறது. ஆனால் கருவி பிழையாகச் சொன்னால் யார் பொறுப்பு?

கனடாவில் இதற்கு ஒரு தீர்ப்பே உண்டு. 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவர், வன்கூவரிலிருந்து ரொறன்ரோ வருவதற்காக எயர் கனடா இணையத்தளத்தின் தானியங்கி உரையாடல் கருவியிடம் துயர்காலக் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணம் செய்த பின்னரும், ரிக்கெற் எடுத்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது கருவி. நிறுவனத்தின் விதியோ வேறு, சலுகை மறுக்கப்பட்டது. கருவியின் சொல்லுக்குத் தாம் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடிசார் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தளத்திலுள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, வட்டியும் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 812 டொலர் கொடுக்கச் சொன்னது.

ஒன்ராறியோ நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் பெரிய நிறுவனத்துக்கே எடுபடாத சாட்டு எங்கள் கடைக்கு எடுபடும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே மூன்று பழக்கங்கள் வேண்டும்.

முதலாவது, விலை, திகதி, பணம் திருப்பிக் கொடுக்கும் விதி ஆகியவற்றை நாங்களே எழுதிக் கொடுப்போம். கருவி வசனத்தை மட்டும் திருத்தட்டும்.

இரண்டாவது, உணவுப் பட்டியலை ஒருவர் முழுதாக வாசித்த பின்பே வெளியிடுவோம். கனடாவில் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று. நல்லெண்ணெய் சேர்த்ததைக் கருவி அறியாது; சமைத்தவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, வாடிக்கையாளரின் சமூகக் காப்புறுதி இலக்கம், கடவுச்சீட்டு, அகதி விண்ணப்பம் எதையும் கருவியில் ஏற்றக்கூடாது. தகவலை இன்னொருவரிடம் கையாளக் கொடுத்தாலும் பொறுப்பு வணிகத்தையே சேரும் என்கிறது கனடாவின் தனியுரிமைச் சட்டம். பயந்து ஓடிவந்தவரின் கதை எங்கள் மேசையில் நம்பிக்கையோடு வைக்கப்பட்டது.

இவை எங்களுக்குப் புதியவையல்ல. வந்த காலத்தில் ஆங்கிலப் படிவங்களைப் பிள்ளைகள் நிரப்பித் தந்தார்கள். "என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்" என்று கேட்ட பிறகுதான் அம்மா, அப்பா கையொப்பம் வைத்தார்கள். கருவியிடமும் அதே கேள்வியைக் கேட்போம்.